எடுத்துக் கொடுப்பதை மட்டும்

...எல்லாம் ஒரே வேலைதானே, உன்னிடம் இருக்கும் ஃபைல்களில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடு, கேட்க வேண்டியது அவ்வளவுதான், அதை எங்கள் கம்பெனியின் ஏழு செயலிகளும் ஏழு விதமாகக் கேட்கின்றன, ஒன்றில் 'தேர்ந்தெடு', ஒன்றில் 'உலாவு', உலாவுவதற்கு இதென்ன பூங்காவா, ஒன்றில் 'இணை', இன்னொன்றில் எழுத்தே கிடையாது, ஒரு கிளிப்பின் படம், அது கிளிப் என்று தெரிந்தவர்கள் பிழைத்தார்கள், தெரியாதவர்கள் திரை முழுக்கத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்... இந்த நாற்காலியை யார் இவ்வளவு உயரத்தில் வைத்தது, கால் தரையில் படவில்லை. எதிரே கண்ணாடிச் சுவர், அதில் என் முகம் மட்டும் எனக்குத் தெரிகிறது, அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் தெரிவேன், என் கணினியில் ஓடும் செயலியும் அங்கே பெரிய திரையில் தெரியும். அங்கே மூன்று பேர், சோதனையை நடத்துகிறவர், எங்கள் துறைத் தலைவர், அப்புறம் என் நாத்தனார், ஆமாம், என் வீட்டுக்காரரின் சொந்தத் தங்கை, காலையில் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். இரண்டு குழுக்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கள் ஆபீஸில் வாக்குவாதமெல்லாம் ஓரளவுக்குத்தான், அதற்கப்புறம் 'நாற்காலி'. மறுக்கிற குழுவின் தலைவர் பயனாளியின் இடத்தில் வந்து உட்கார வேண்டும், சொந்தக் கணினியோடு, உள்ளே இருக்கும் எதையும் துடைத்து அழிக்காமல், அன்றாடம் எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டுவந்து, ஒரே வேலையை இரண்டு விதமாகவும் செய்து காட்ட வேண்டும், பார்க்கிறவர்கள் வாயே திறக்கக் கூடாது. துடைக்காமல் கொண்டுவர வேண்டும் என்ற விதியைச் சேர்த்த புண்ணியவதி நானேதான், சுத்தமாகத் துடைத்த கணினியில் எல்லாச் செயலியும் அழகாகத்தானே ஓடும். இன்று மறுக்கிற குழு என்னுடையது. மற்ற ஆறு செயலிகளும் ஃபைல் கேட்பதற்குத் திரையில் திறக்கிற மாதிரி வைத்திருந்த சொந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நாத்தனார் செய்த பொதுப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டன, படங்களைத் திருத்தும் என் செயலி மட்டும்தான் பாக்கி. நான் மாட்டேன் என்றால் அப்புறம் அது பொதுப் பெட்டியே இல்லை, அரைகுறையாக வெளியிடத் தலைவர் விடமாட்டார், அவளுடைய இத்தனை நாள் உழைப்பும் மூட்டை கட்டி மூலையில் போய்விடும்.

ஆபீஸில் அவளை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள், எதைக் கேட்டாலும் 'நிதானமா பாத்துட்டுச் சொல்றேன்' என்பாள், கிண்டலுக்கு வைத்த பெயர், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்க ஆரம்பித்து, இப்போது புதிதாகச் சேர்கிறவர்கள் அவளுடைய நிஜப் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாத்தனார் என்றால் எப்படி இருக்க வேண்டும், என் சிநேகிதிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேனே, ஒவ்வொருத்திக்கும் ஒரு கதை இருக்கும், அவர்கள் பேசி முடித்ததும் 'உனக்கு?' என்று என் பக்கம் திரும்புவார்கள், எனக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது, குறை சொல்ல வழியில்லாத ஒரு நாத்தனாரை வைத்துக்கொண்டு சபையில் நான் எப்படித்தான் வாயைத் திறப்பது... இந்தப் பொதுப் பெட்டி எங்கள் வீட்டுச் சோபாவில்தான் பிறந்தது, அது தலைவருக்குத் தெரியாது. மாமா, என் மாமனார், நூலக அட்டைக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டியிருந்தது, கடிதத்தோடு படம் சேர்க்க அவர் கற்று வைத்திருந்தார், நூலகத்தின் செயலி வேறு மாதிரி கேட்டது, அதுவும் நாங்கள் செய்ததுதான், மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஞாபகம் போயிடுச்சும்மா, நேத்து தெரிஞ்சது இன்னிக்குத் தெரியலை," என்றார், குரலில் நிஜமாகவே பயம். நான் கையிலிருந்து வாங்கி, டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டி, "அவ்வளவுதான் மாமா, முடிஞ்சுபோச்சு," என்று திருப்பிக் கொடுத்தேன், பெரிய உதவி செய்த நினைப்பில். இவள் அப்படிச் செய்யவில்லை. தரையில் அவர் காலருகே உட்கார்ந்து, "முதல்ல எங்க தொட்டீங்கப்பா?" என்றாள், "ஏன் அங்க தொடணும்னு தோணுச்சு?" என்றாள், ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் சொல்லச் சொல்ல ஏதோ நாட்டு நடப்புக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியில், "உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகலைப்பா, நீங்க சரியாதான் தேடியிருக்கீங்க, நாங்கதான் ஒவ்வொரு இடத்துலயும் வேற வேற மாதிரி கேக்கறோம்," என்றாள். அப்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தலையில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்ததுபோல, "அப்படியா சொல்ற?" என்று இரண்டு தடவை கேட்டார், பிறகு எழுந்து போய்த் தானே தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து எனக்கு அவள்மேல்... மரியாதை என்று சொன்னால் பெரியவர்களுக்கு வைக்கிற மாதிரி இருக்கிறது, என்னைவிடச் சின்னவள், ஆனால் அதுதான், அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அதற்காக என் பெட்டியை விட்டுக்கொடுத்துவிட முடியுமா, அது வேறு, இது வேறு. என் பெட்டி மற்ற பெட்டிகளைப்போல எண்ணும் எழுத்துமாகப் பெயர்களை அடுக்கி வைத்து ஆளைத் திணறடிக்காது, படங்களையே பெரிது பெரிதாகக் காட்டும், அதோடு ஊகிக்கும், அதுதான் அதன் உயிர், இந்த ஆள் சமீபத்தில் எந்தப் படத்தை அதிகம் திறந்து பார்த்தார், எந்த நேரத்தில் பார்த்தார், எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, 'நீங்கள் எடுக்கப்போவது இதுதானே' என்று அந்த ஒரு படத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். எத்தனை பேர் 'அட!' என்று சொல்லியிருக்கிறார்கள், இதே நாற்காலியில் உட்கார்ந்து, அந்த 'அட' ஒவ்வொன்றையும் நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டு உச்சி குளிர்ந்திருக்கிறேன். இவள் மட்டும்தான் 'அட' சொல்லவில்லை. கேன்டீனில் வைத்து, "உங்க செயலி ஊகிக்கணும்னா அதுக்கு எல்லாப் படமும் தெரிஞ்சாகணுமே அண்ணி," என்றாள். ஆபீஸில் அண்ணி என்று கூப்பிடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "தெரிஞ்சா என்ன, நம்ம செயலிதானே, ஊரான் வீட்டு செயலியா?" என்றேன். "வீட்டுக்கு வந்தவங்க தண்ணி கேட்டா நாமதானே எடுத்துக் கொடுப்போம், அவங்களே அலமாரிய ஒவ்வொண்ணா தொறந்து பாக்கட்டும்னு விடுவோமா?" என்றாள். பொதுப் பெட்டியில் அப்படித்தான் வைத்திருக்கிறாளாம், செயலி 'ஒரு ஃபைல் வேண்டும்' என்று கேட்கும், கேட்பதோடு அதன் வேலை முடிந்தது, கணினியே பெட்டியைத் திறந்து நமக்குக் காட்டும், நாம் எடுத்துக் கொடுக்கிற அந்த ஒன்று மட்டும் செயலிக்குப் போகும், மிச்சம் என்ன இருந்தது என்பதுகூட அதற்குத் தெரியாது. "நம்ம வீட்டுல எல்லாரும்தான் எல்லா அலமாரியையும் தொறக்கறோம்," என்று நான் மடக்கினேன், மடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன், அவள் சிரித்துவிட்டு, "உங்க அலமாரிய நான் தொறந்ததில்லையே அண்ணி," என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை, மழையில் நனைந்து வந்த அன்று உள்ளே இருந்து ஒரு துண்டு எடுத்துக்கொள் என்று நானே சொன்னபோதும் அறை வாசலிலேயே நின்று சொட்டச் சொட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள், நான் வந்துதான் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நான் மாட்டேன் என்றேன், பிடிவாதம், எங்கள் அம்மா வழிச் சொத்து.

அந்த வீட்டைவிட்டுத்தான் நாங்கள் போகப்போகிறோம், நானும் இவரும், வேறொரு வீட்டுக்கு, இரண்டே அறைகள், ஒரு சமையலறை, பேசி முடித்தாகிவிட்டது, அடுத்த மாதம் சாவி கைக்கு வரும், வீட்டில் யாருக்கும் தெரியாது. சண்டையா என்றால் ஒரு சண்டையும் இல்லை, அத்தை என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை, எனக்கு என் கையால் திறந்து மூடுகிற ஒரு வாசல் கதவு வேண்டும், அவ்வளவுதான், அதை எப்படிச் சொன்னாலும் குற்றம் சொல்வதுபோலத்தான் கேட்கும். "நான் சொல்றேன், எங்க வீட்டுல நான்தான் சொல்லணும்," என்று இவர் சொல்லி ஒரு மாதம் ஆகப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்பார், ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பாவுக்கு முழங்கால் வலி, அடுத்த ஞாயிறு அம்மா முகம் சரியில்லை, மனுஷர் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கிற சாமர்த்தியத்தை ஆபீஸில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பார். மாமாவும் அத்தையும் வருத்தப்படுவார்கள், பிறகு சமாதானமாகிவிடுவார்கள், நான் பயப்படுவது இவளுக்குத்தான். நாங்கள் போனால் முழங்காலும் மாத்திரையும் கரண்ட் பில்லும் எல்லாம் இவள் தலையில்தான் விடியும், அது தெரிந்துதான் போகிறோம், தெரிந்தே செய்கிறோம் என்பது அவளுக்கும் தெரிந்துவிடும், அப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது...

"ஆரம்பிக்கலாங்களா மேடம்?" ஒலிபெருக்கியில் சோதனை நடத்துகிறவரின் குரல், தூக்கிவாரிப் போட்டது. மேசையில் வேலை என்ன என்று எழுதி வைத்திருக்கிறார்கள், ஏதாவது ஒரு படத்தை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, சேமிக்க வேண்டும், முதலில் பொதுப் பெட்டி போட்ட செயலி, அப்புறம் என்னுடையது. சரி, பார்ப்போம், குறை கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கிறேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். 'படத்தைத் திற', தொட்டேன், பெட்டி வந்தது, ம்... சுத்தமாக இருக்கிறது, இடது பக்கம் இடங்கள், வலது பக்கம் இருப்பவை, மேலே 'இந்தச் செயலி ஒரு படம் கேட்கிறது' என்று ஒரு வரி, யார் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், பளிச்சென்று, கீழே 'கொடு', 'வேண்டாம்'. 'சரி', 'ரத்து' என்று நாங்களெல்லாம் வைத்திருந்தோமே, எதற்குச் சரி, எதை ரத்து, யாராவது யோசித்தோமா, கொடு, வேண்டாம், மாமாவுக்குச் சொல்லித்தரவே வேண்டியிருக்காது. பொத்தான்கள் இருக்கிற இடமும் கடிதச் செயலியில் இருப்பதேதான், கணக்குச் செயலியில் இருப்பதேதான், என் கை தானாக அங்கே போகிறது, நான் அனுப்பவே இல்லை, அது பாட்டுக்குப் போகிறது! ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும் என்று அவள் சொன்னபோது ஏதோ பொதுக்கூட்டப் பேச்சு மாதிரி இருந்தது, கை சொல்கிறபோதுதான் உறைக்கிறது. 'வேண்டாம்' என்று தொட்டுப் பார்த்தேன், பெட்டி மறைந்தது, செயலி ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, என்னுடையது கேட்கும், 'நிச்சயமாகவா?' என்று கேட்கும், அதை வைத்ததும் நான்தான்... அடடா, இதை எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாள். மறுபடி திறந்து படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் போனேன், முதல் வரிசையிலேயே நாங்கள் போகப்போகிற வீட்டின் சமையலறை, ஒரு பக்கம், இன்னொரு பக்கம், வாசல் கதவு, இவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிற படம், எல்லாம் வரிசையாக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்க.

இப்படி ஒரு மடத்தனத்தை யாராவது செய்வார்களா, கணினியைத் துடைக்காமல் கொண்டுவா என்று ஊருக்கெல்லாம் சட்டம் போட்டேனே தவிர, அந்தத் துடைக்காத கணினிக்குள் நானும் குடியிருக்கிறேன் என்பது இந்தப் புத்திக்கு எட்டவே இல்லை, பயனாளி என்றாலே வேறு யாரோ என்று நினைத்துப் பழகிவிட்டது. கையை அசைக்காமல், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "உங்களுக்கு இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டேன். நடத்துகிறவர் மட்டும் பதில் சொல்லலாம். "ஒண்ணும் தெரியலை மேடம், சாம்பல் கலர்ல இருக்கு, 'பயனாளி தேர்ந்தெடுக்கிறார்'னு போட்டிருக்கு, அவ்வளவுதான்." ஒன்றும் தெரியவில்லையா... ஆமாம், எப்படித் தெரியும், அங்கே போவது செயலியின் திரை மட்டும்தானே, இந்தப் பெட்டி செயலியுடையது இல்லையே, கணினியுடையது, நான் எடுத்துக் கொடுக்கிறவரைக்கும் செயலியும் குருடு, செயலியைப் பார்க்கிறவர்களும் குருடு. மீட்டிங்கில் மற்றவர்களுக்குத் திரையைக் காட்டிக்கொண்டே ஃபைல் தேடுகிறவர்களை அவள் யோசித்திருக்கிறாள், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது தேடுகிறவர்களை யோசித்திருக்கிறாள், அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் எதையாவது வைத்திருக்கிறவர்களை, மறைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் காட்ட மனமில்லாதவர்களை, எல்லோரையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து யோசித்திருக்கிறாள், அதில் என்னையும் சேர்த்து யோசித்திருக்கிறாளோ என்று தோன்றியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சீச்சீ, ஒரு ஃபைல் பெட்டியைப் பார்த்து அழுகிறவளை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறோமா. ஆபீஸ் வாசலில் இருக்கும் பூந்தொட்டியின் படம் ஒன்று இருந்தது, அதை எடுத்து, 'கொடு', கொடுத்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், சேமித்தேன், முடிந்தது.

முடியவில்லை, அடுத்தது என்னுடையது. என் பெட்டி செயலிக்குள்ளேயே திறக்கும், அங்கே பெரிய திரையில் திறக்கும், அதோடு விடுமா, ஊகிக்கும், இந்த ஒரு மாதமாக நான் எந்தப் படத்தைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் திறந்து திறந்து பார்த்தேனோ அதை, இதே மத்தியான வேளையில், நடுவில் கொண்டுவந்து நிறுத்தும், பெருமையாக நிறுத்தும், அது பிசகவே பிசகாது, பிசகக் கூடாது என்று வருஷக்கணக்கில் பாடுபட்டவள் நானாயிற்றே. "போதும்," என்றேன். "என்னோடதைப் பார்க்க வேண்டாம், நான் ஒத்துக்கறேன், பொதுப் பெட்டியே இருக்கட்டும், நல்லா இருக்கு." சொல்லிவிட்டு எழுந்துகூட விட்டேன். அந்தப் பக்கம் சின்னச் சலசலப்பு, தலைவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், சீக்கிரம் கிளம்பலாமே. பிறகு நடத்துகிறவர் தயங்கித் தயங்கி, "நிதானம் மேடம் ஒண்ணு எழுதிக் காட்டறாங்க, படிக்கட்டுமா," என்றார், "பார்க்காம வேண்டாம், ரெண்டையும் பாத்தாதான் உங்களுக்கு நியாயம், அப்படின்னு எழுதியிருக்காங்க." பேசக் கூடாது என்பதால் எழுதிக் காட்டுகிறாளாம்! ஜெயித்துவிட்டாய், பேசாமல் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, உனக்கு என்ன வந்தது, எனக்கு நியாயம் வேண்டும் என்று உன்னிடம் யார் அழுதார்கள்... எரிச்சலாக வந்தது, அந்த எரிச்சலுக்கு உள்ளேயே இன்னொன்றும், என் வேலையை யாரும் பார்க்காமல் குப்பையில் போட இவள் விடமாட்டேன் என்கிறாள், என் குழுவில் இருக்கிற ஒருத்தர்கூட இன்றைக்கு இங்கே வந்து நிற்கவில்லை, இவள்தான் நிற்கிறாள், எனக்காக, எனக்கு எதிரே. உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய முடியும், கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடவா முடியும்.

தொட்டேன், என் பெட்டி வந்தது, வந்தது சமையலறை, திரை கொள்ளாமல், காலியான அலமாரிகள், கல் மேடை, மூலையில் என் கைப்பை, அடுப்பு வைக்கிற இடத்தில் வெயில். 'நீங்கள் எடுக்கப்போவது இதுதானே?' என்று கீழே எழுத்து, நான் எழுதிய எழுத்து, எவ்வளவு ரசித்து எழுதினேன் அதை, இப்போது யாரோ பிடரியைப் பிடித்துக் கேட்கிற மாதிரி இருக்கிறது. சுற்றிலும் சின்னச் சின்னதாக மற்றவை, இவருடைய அசட்டுச் சிரிப்பும் அதில் உண்டு, அந்தச் சிரிப்பை அவர் தங்கைக்கு அடையாளம் தெரியாதா என்ன. கண்ணாடியைப் பார்த்தேன், அதில் என் முகம்தான் இருந்தது, பேயறைந்த மாதிரி. ஒலிபெருக்கி கரகரத்தது. "அட, பிரமாதமான சமையலறையா இருக்கே, யாரும்மா வீடு, உங்களோடதா?" தலைவர்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர், எல்லா மீட்டிங்கிலும் இப்படித்தான், ஆமாம் என்பதா, இல்லை என்பதா, சிநேகிதி வீடு என்று சப்பைக்கட்டு கட்டுவதா, அப்படியென்றால் அந்தச் சிரிப்பு... அப்போதுதான் அவள் குரல், மெதுவாக, அவசரமே இல்லாமல், "சார், பாக்கறவங்க பேசக் கூடாது." "அட, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்மா." "சும்மா கேட்டாலும் கூடாது சார், சோதனை கெட்டுப் போயிடும்." அவ்வளவுதான், ஒலிபெருக்கி அடங்கிவிட்டது. துறைத் தலைவரின் வாயை விதியைச் சொல்லி அடைக்கிறவள் இந்தக் கட்டடத்திலேயே ஒருத்திதான், அவள் எதற்காக அடைத்தாள், சோதனை கெட்டுவிடும் என்றா, எனக்காகவா, எனக்குத் தெரியவில்லை. சமையலறையையே தேர்ந்தெடுத்தேன். கை வேறெங்கும் போகவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், ஏற்கெனவே வெயில், இன்னும் பளீரென்று ஆகிவிட்டது, சேமித்தேன்.

கண்ணாடி அறைக்குள் போனபோது தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, பார்த்தாச்சு, இப்ப சொல்லுங்க, பொதுவா, உங்களுதா?" என்றார். பொது என்றேன். ஏற்கெனவே சொன்னதுதானே, ஆனால் முதலில் சொன்னது மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க, இப்போது சொன்னது... இதுவும் மாட்டிக்கொண்டதாலா, இல்லை அது நல்ல பெட்டி என்பதாலா, பயப்படாமல் இருந்திருந்தால் அது இவ்வளவு நல்ல பெட்டி என்று எனக்குத் தெரிந்திருக்குமா, பயந்தவளுக்குத்தானே பூட்டின் அருமை தெரியும், இதையெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவள் என்னை நேராகப் பார்க்காமல் என் கணினியைப் பார்த்தாள். "அந்தப் பெரிய படங்கள் எங்க பெட்டியில இல்லை, அது வேணும்," என்றாள், "ஊகமும் வேணும், பாருங்க, எவ்வளவு கரெக்டா எடுத்துக் கொடுத்துச்சு. கணினியே ஊகிக்கட்டும், ஆளுக்கு மட்டும் காட்டட்டும், செயலிக்குத் தெரிய வேண்டாம். நீங்களே செஞ்சு கொடுங்களேன், உங்க அளவுக்கு எனக்கு வராது." நான் வருஷக்கணக்கில் செய்ததில் எது உசிரோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, எது வினையோ அதைக் கழற்றி வைத்துவிட்டாள், அதுவும் எனக்கு வலிக்காமல், அதுவும் தலைவர் எதிரே, உங்க அளவுக்கு வராது என்று. சபாஷ் என்று கத்த வேண்டும்போல இருந்தது. "பார்க்கலாம்," என்று மட்டும் சொன்னேன், கேட்டவர்களுக்கு அது முறைப்பாகக்கூடத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் பொத்தானை அழுத்தினாள், கதவு மூடியது, நான் என் பையின் வாரைச் சரிசெய்தேன், சரியாகத்தான் இருந்தது, மறுபடி சரிசெய்தேன். "அந்த சமையல்கட்டுல வெளிச்சம் நல்லா வருது அண்ணி," என்றாள். நான் மறுபடி பை வாரைப் பிடித்தேன். "அண்ணன் போன மாசமே எனக்குக் காட்டிட்டான்," என்றாள், "அம்மா அப்பாகிட்ட சொல்ல தைரியம் வரலைன்னு என்கிட்ட வந்து புலம்பினான்." போன மாதமே! சொல்கிறேன் சொல்கிறேன் என்று எனக்கு வாய்தா கொடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தங்கையிடம்... வீட்டுக்கு வரட்டும் அந்த மனுஷர். "அப்போ நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன், கோபமாகத்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அவள் கதவுக்கு மேலே மாறுகிற எண்களைப் பார்த்துக்கொண்டு, "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றாள். கதவு திறந்தது, அவள் முதலில் இறங்கினாள். போன மாதத்திலிருந்தா... அப்படியென்றால் இத்தனை சாயங்காலமும் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் சேர்ந்து நடந்தோமே, நான் பெட்டியைப் பற்றியும் தலைவரைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேனே, நடுநடுவே அவள் 'ம்' என்றுகூடச் சொல்லாமல் சும்மா நடப்பாளே, களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்து அந்த இடத்தையும் நானே பேசி நிரப்பினேனே. இப்போது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்கிறாள், வெளியே பஸ் ஸ்டாப், அதற்கப்புறம் பஸ், அதற்கப்புறம் அதே தெரு. சொல்லத்தான் வேண்டும், அவளுக்குத் தெரிந்ததையே என்றாலும் என் வாயால் சொல்ல வேண்டும், எதில் ஆரம்பிப்பது, வீட்டிலிருந்தா, சாவி வருகிற தேதியிலிருந்தா, மாமாவின் முழங்காலிலிருந்தா, இல்லை, அந்தச் சமையலறையில் எனக்கு எல்லாம் இருக்கிறது, சேர்ந்து சிரிக்க நீ இருக்கமாட்டாயே என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேனே, இவரிடம்கூட வாய்விட்டுச் சொல்லாத அதிலிருந்தா...